65 மி.மீ. ஸ்கோப்: சுங்கை பூலோ சதுப்பிலிருந்து ஐத்தன் ஆற்று மணல்திட்டு வரை

சென்ற பிப்ரவரியில், சிங்கப்பூரின் நகர மண்டப எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில் பழைய கேமராக்களை வாங்கி விற்கும் ஒரு கடையில், 65 மி.மீ. விட்டமுள்ள பொருளருகு வில்லையும் 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் கண்ணருகு வில்லையும் கொண்ட ஸ்கோப் ஒன்றை 640 வெள்ளிக்கு வாங்கினேன். பறவை பார்க்கச் செல்பவர்கள் முக்காலியில் பொருத்தி வைத்திருப்பார்களே, அந்த ஒற்றைக் குழல் தொலைநோக்கிதான் இது. இந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை என்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. இதே அளவில் பல நிறுவனங்களின் ஸ்கோப்புகள் இன்றும் கிடைக்கின்றன. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

வாங்கியதற்குக் காரணம் கடல்நாய்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் படிக்கும் என் மகள், அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஐத்தன் ஆற்று முகத்துவாரத்தில் கடல்நாய்கள் மணலில் படுத்து ஓய்வெடுப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தாள். படத்தில் தெரிந்ததெல்லாம் ஆற்றுக்கு அப்பால் ஒரு வரிசைக் கருங்கற்கள். அவற்றில் இரண்டு இனங்கள் கலந்திருப்பதாக அங்குள்ளவர்கள் சொன்னார்களாம். இரண்டு இனங்கள் ஒரே மணல்திட்டில் எப்படி இடம் பிரித்துக்கொள்கின்றன என்ற கேள்வி அப்போதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆகஸ்ட்டில் மகளைப் பார்க்கப் போவதற்குள் தகுந்த கருவி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டில் ஏற்கெனவே பைனாகுலர் இருக்கிறதே என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதிலும் இந்த மதிப்புரையில் இருக்கிறது.

சிங்கப்பூரில் பழைய வில்லை வாங்குபவர் முதலில் தேட வேண்டியது பூஞ்சையை. ஸ்கோப்பின் முன்பக்கத்திலிருந்து கைவிளக்கைச் சாய்வாக அடித்து, பின்பக்கம் வழியாகப் பார்த்தால், சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளிக்காமல் விளக்கைக் கொடுத்தார். வில்லைகளும் சுத்தமாகவே இருந்தன. ஆனால், என் முக்காலிக்குப் பொருந்தும் என்று அவர் உறுதியாகச் சொல்லி விற்ற இணைப்புத் தட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் முக்காலித் தலையில் அமரவே இல்லை. மறுநாள் கொண்டுபோனபோது, விற்ற பொருளை மாற்றுவதில்லை என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். வேறு இடத்தில் 35 வெள்ளிக்கு இன்னொரு தட்டு வாங்கினேன். ஸ்கோப் வாங்கச் செல்பவர்கள் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போவது நல்லது.

மார்ச் மாதம், வலசைப் பறவைகள் வடக்கே திரும்புவதற்கு முன், சுங்கை பூலோ ஈரநிலத்தில் முதல் சோதனை. குளிரூட்டிய அறையில் இரவு முழுவதும் இருந்த கருவியை, குளிரூட்டிய ரயிலிலும் பேருந்திலும் கொண்டுபோய், காலை எட்டு மணிப் புழுக்கத்தில் உறையிலிருந்து எடுத்ததும் இரு முனைகளிலும் கண்ணாடி பனித்துவிட்டது. குழலுக்குள் நைட்ரஜன் நிரப்பி மூடியிருப்பதால் உட்புறம் பனிக்கவில்லை. வெளிப்பனிப்பு தானாக அடங்க ஏறத்தாழ இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை ஓர் உடும்பு பாதையைக் கடந்து போவதை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் முதல் நாள் இரவே ஸ்கோப்பை வரவேற்பறைக்கு மாற்றிவிடுகிறேன்.

அன்று நீர் ஏற்றம். ஜொகூர் நீரிணையோரச் சேற்றுத்திடல்களைக் கடல் மூடியதும், இரை தேடிக்கொண்டிருந்த கரைப்பறவைகள் ஒதுக்கிடத்துக்குள் உள்ள குளங்களுக்கு வந்து சேர்கின்றன. மதகு வைத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் குளங்கள் என்பதால், வெளியே கடல் உயர்ந்திருக்கும்போதும் அங்கே சேறு தெரியும். 60 மடங்கில் வைத்துப் பார்த்தேன்: வளைந்த அலகுடைய ஒரு விம்பிரலின் முகம் வட்டத்தை நிறைத்தது, அழகாகவும் இருந்தது, ஆனால் அது யாருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரியவில்லை. 20 மடங்குக்குக் குறைத்ததும் குளம் விரிந்தது. பவளக்காலிகள் ஒரு மேட்டில் நெருக்கியடித்து நின்றன. உப்புக்கொத்திகள் தமக்குள் இடம் விட்டுப் பரவியிருந்தன. விம்பிரல்கள் சற்றுத் தள்ளி, ஆழமான பக்கத்தில் ஒதுங்கியிருந்தன. யார் என்று அறிய உருப்பெருக்கம் வேண்டும். எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று அறிய அகலம் வேண்டும். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் எண் முதலாவதைப் பற்றியது மட்டும்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு. பொருளருகு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 20 மடங்கில் அது 3.25 மி.மீ.; 30 மடங்கில் 2.2 மி.மீ.; 60 மடங்கில் வெறும் 1.1 மி.மீ. இருண்ட வானத்தின் கீழ் கடைசி அளவில் காட்சி மங்கிப்போவதற்கு இதுவே காரணம். காட்சிப் புலமும் சுருங்குகிறது. என் ஸ்கோப்பில் 20 மடங்கில் 1,000 மீட்டர் தொலைவில் 35 மீட்டர் அகலம் தெரியும். 60 மடங்கில் அதில் பாதிதான்.

இனி ஐத்தன். அபர்டீனுக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில், நியூபரோ என்ற சிற்றூருக்கு அருகே இந்த ஆறு வட கடலில் கலக்கிறது. கடல்நாய்கள் படுப்பது ஃபோர்வி இயற்கை ஒதுக்கிடம் இருக்கும் அக்கரை மணலில். மனிதர்கள் நிற்பது நியூபரோ பக்கத்துக் கரையில். நடுவே ஆறு ஓடுவது இரு தரப்புக்கும் நல்லது. ஸ்காட்லாந்தின் 2010-ஆம் ஆண்டுக் கடல்சார் சட்டப்படி, குறிப்பிட்ட ஓய்விடங்களில் கடல்நாய்களை வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ தொந்தரவு செய்வது குற்றம். 2014-இல் 194 இடங்கள் அப்படி அறிவிக்கப்பட்டன. இந்த முகத்துவாரம் 2017-இல் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றோரம் வரை இறங்கிப் போய்க் கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால், கடல்நாய்களிடமிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளி ஒரு மணல்மேட்டில் முக்காலியை ஊன்றினோம். அந்தத் தொலைவிலிருந்து 20 மடங்கில் பார்ப்பது, வெறுங்கண்ணோடு 20 மீட்டரில் நிற்பதற்குச் சமம். வீட்டிலிருக்கும் எட்டு மடங்கு பைனாகுலரில் அது 50 மீட்டர். அந்த அளவில் கடல்நாய் தெரியும், அதன் மூக்கு தெரியாது.

இங்குள்ள இரண்டு இனங்களான சாம்பல் கடல்நாயையும் துறைமுகக் கடல்நாயையும் பிரித்தறிய மூக்குதான் முக்கியம். சாம்பல் கடல்நாய்க்கு நெற்றியும் மூக்கும் பள்ளமின்றி ஒரே கோடாக இறங்கும் நீண்ட முகம். நாசித் துளைகள் இரண்டும் இணைகோடுகள் போல் விலகி இருக்கும். அதன் அறிவியல் பெயருக்கு ‘வளைமூக்குக் கடற்பன்றி’ என்று பொருள். பெயர் வைத்தவருக்கு அதன் மேல் என்ன கோபமோ. துறைமுகக் கடல்நாய்க்கு வட்டத் தலை, பூனையை நினைவூட்டும் குட்டை முகம், கீழே கிட்டத்தட்டச் சந்திக்கும் ‘வி’ வடிவ நாசித் துளைகள். தோலின் நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். இரண்டிலும் சாம்பல், பழுப்பு, புள்ளி எல்லாம் உண்டு, ஈரம் காய்ந்ததும் ஒரே விலங்கின் நிறமே மாறிவிடுகிறது. 400 மீட்டரில் நாசித் துளையைப் பிரித்தறிய 40 மடங்கு தேவைப்பட்டது. காற்று ஓய்ந்த சில நிமிடங்களில் அது கைகூடியது. ஒரு தலையை அறிந்தவுடன் மீண்டும் 25-க்கு இறங்கிவிடுவோம்.

மண்டாய் விலங்குத் தோட்டத்துக் காட்சியில் வரும் கடற்சிங்கத்தைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த விலங்குகள் முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். கடற்சிங்கத்துக்கு வெளிக்காது உண்டு, துடுப்புகளை ஊன்றி நடக்கும். இங்கே இருப்பவற்றுக்கு வெளிக்காதும் இல்லை, நடையும் இல்லை. வயிற்றால் உந்தி உந்தித்தான் நகரும். முதல் பத்து நிமிடத்துக்கு எதுவுமே அசையவில்லை. “அப்பா, நெஜமாவே உசிரோட இருக்கா?” என்று மகள் கேட்டாள். அதன் பிறகுதான் இடைவெளிகள் கண்ணில் படத் தொடங்கின.

சாம்பல் கடல்நாய்கள் திட்டின் நடுப்பகுதியை நிரப்பியிருந்தன. தொலைவிலிருந்து ஒரே குவியல் போலத் தெரிந்தாலும், ஸ்கோப்பில் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு முழமோ இரண்டு முழமோ வெறும் மணல் தெரிந்தது. காலை எட்டு மணி ரயிலில் நாம் நிற்பதைப் போல: அருகருகேதான், ஆனால் பக்கத்தில் இருப்பவர் மேலே பட்டால் முகம் மாறும். ஒன்று புரண்டு மற்றொன்றின் எல்லைக்குள் துடுப்பு நீண்டதும், வாய் திறக்கும், முன்துடுப்பு காற்றில் அடிக்கும், நீண்ட ஊளை ஒன்று ஆற்றைத் தாண்டி வரும்; பிறகு இருவரும் ஒரு சாண் விலகிப் படுத்துக்கொள்வார்கள். கடிக்கும் அளவுக்கு எதுவும் போகவில்லை. கலிஃபோர்னியக் கடற்சிங்கங்களும் வால்ரஸ்களும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படுக்கும் இயல்புடையவை. இந்த இரண்டு இனங்களுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

துறைமுகக் கடல்நாய்களை நாங்கள் எண்ணியபோது பதினொன்று இருந்தன. அவை எங்கே இருந்தன என்பதுதான் எனக்கு வியப்பு. சாம்பல் கூட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் திட்டின் கீழ்க்கோடியில், நீரை ஒட்டி, தமக்குள்ளும் ஓர் உடல் நீள இடைவெளி விட்டு, தலையையும் வாலையும் ஒருசேரத் தூக்கி வாழைப்பழம் போல் வளைந்து கிடந்தன. குளிர்ந்த நீர் தொடாதபடி தலையையும் பின்துடுப்புகளையும் உயர்த்தி வைக்கும் கிடக்கை அது. அவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் தலை நிமிர்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு விலங்கும் காவலுக்குச் செலவிடும் நேரம் குறையும் என்பதும், ஓரத்தில் இருப்பவை நடுவில் இருப்பவற்றைவிட விழிப்பாக இருக்கும் என்பதும் இந்த இனத்தில் ஆராய்ந்து அறியப்பட்டவை. பெரிய அண்டை வீட்டுக்காரரின் கூட்டத்தை ஒட்டிப் படுத்தால் அந்தக் காவலின் பலனில் சிறிது கிடைக்கும், நீரோரத்தில் படுத்தால் தப்பிக்கும் வழியும் அருகில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இது என் ஊகம் மட்டுமே.

ஊகத்துக்கு இடமில்லாத ஒரு விஷயம் நாட்காட்டி. துறைமுகக் கடல்நாய் பிரிட்டனில் ஜூன், ஜூலை மாதங்களில் குட்டி போடுகிறது. குட்டி வெள்ளை ரோமத்தைக் கருவிலேயே உதிர்த்துவிட்டுப் பிறப்பதால், சில மணி நேரத்தில் நீந்தத் தொடங்கிவிடும். ஆகவே அடுத்த ஓதத்தில் மூழ்கிப்போகும் மணல்திட்டும் அதற்குப் பிரசவ அறையாகப் போதும். சாம்பல் கடல்நாய் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் ஈனுகிறது. வெண்ரோமக் குட்டி ஏறத்தாழ 18 நாள் பால் குடித்து, அதன் பிறகும் சில வாரம் கரையிலேயே கிடக்க வேண்டியிருப்பதால், அலை எட்டாத உயரமான நிலம் வேண்டும். ரோமம் உதிர்க்கும் பருவமும் வேறு: துறைமுகக் கடல்நாய்க்குக் கோடையின் கடைசியில், சாம்பல் கடல்நாய்க்குக் குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரை. நாங்கள் போன ஆகஸ்ட்டில், கீழ்க்கோடியில் கிடந்தவை பழைய ரோமம் கந்தலாகத் தொங்கும் கோலத்தில் இருந்தன. புது ரோமம் வளரத் தோல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் அவற்றை நீருக்குள் விரட்டுவது பெரிய நட்டம். ஒரே படுக்கை என்று நாம் பார்ப்பதை அவை மாதத்தாலும் உயரத்தாலும் பிரித்து வைத்திருக்கின்றன.

மூன்று மணிக்கு மேல் நீர் ஏறத் தொடங்கியது. சுங்கை பூலோவில் பார்த்த அதே நாடகம், கனமான நடிகர்களுடன். திட்டு சுருங்கச் சுருங்க இடைவெளிகளும் சுருங்கின. ஊளைகள் அடிக்கடி கேட்டன. முதலில் நனைந்தவை துறைமுகக் கடல்நாய்கள்தான். மேலே ஏறினால் சாம்பல் கூட்டம், கீழே கடல். நான்கு ஒவ்வொன்றாக நீரில் நழுவின. மற்றவை வளைந்து வளைந்து, கடைசி நிமிடம் வரை வயிறு மட்டும் மணலில் பட இருந்தன. நீரிலிருந்து பெரிய ஆண் சாம்பல் ஒன்று கரையேறி வந்தபோது, அருகில் இருந்த இரண்டு எந்தச் சண்டையும் இல்லாமல் இடத்தைக் காலி செய்தன. வளர்ந்த ஆண் சாம்பல் 300 கிலோவை எட்டக்கூடும். துறைமுகக் கடல்நாய் பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டியே நிற்கும். அங்கே வாதாட என்ன இருக்கிறது?

அந்த ஒதுங்கலுக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. பிரிட்டிஷ் கரைகளில் திருகாணி போல் சுற்றிக் கிழிந்த காயத்துடன் கடல்நாய்கள் செத்து ஒதுங்கியபோது, கப்பல் உந்துசுழலிகள்தான் காரணமோ என்று சில காலம் சந்தேகித்தார்கள். துவாஸ் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை செய்த எனக்கும் அது நம்பக்கூடியதாகவே பட்டிருக்கும். 2014 டிசம்பரில், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள ‘மே’ என்ற தீவில், வளர்ந்த ஆண் சாம்பல் ஒன்று தன் இனத்துக் குட்டிகளையே கொன்று தின்பதையும், காயங்கள் அதே வடிவில் இருப்பதையும் ஆய்வாளர்கள் நேரில் பார்த்தார்கள். ஜெர்மனியின் ஹெல்கோலாந்தில் சாம்பல் கடல்நாய் துறைமுகக் கடல்நாய்களைக் கொன்றதும் பதிவாகியுள்ளது. நோயும் பங்கிடப்படுகிறது: 1988-இலும் 2002-இலும் ஒரு வைரஸ் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான துறைமுகக் கடல்நாய்களைக் கொன்றது, இரண்டு முறையும் டென்மார்க்கின் ஆன்ஹோல்ட் தீவில்தான் அது முதலில் தெரிந்தது. சாம்பல் கடல்நாய்கள் அதில் பெரிதும் சாகவில்லை. தொலைதூரம் திரியும் அவைதான் ஓய்விடத்துக்கு ஓய்விடம் வைரஸைச் சுமந்தனவோ என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே உண்டு. உள்ளூர்க்காரர்கள் துறைமுகக் கடல்நாயை ‘காமன் சீல்’, அதாவது பரவலாகக் காணப்படும் கடல்நாய், என்றே சொல்கிறார்கள். ஆனால் அதே கிழக்குக் கரையின் டே கழிமுகத்தில் 2000-க்குப் பிறகு அவற்றின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்துவிட்டது. பெயர் மட்டும் ‘காமன்’.

கருவியின் குறைகளுக்கு வருகிறேன். முதல் எதிரி காற்று. வட கடல் காற்றில் 1.2 கிலோ முக்காலி ஒன்றுக்கும் உதவாது. 40 மடங்குக்கு மேல் கடல்நாய் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தது. முக்காலியின் நடுத்தண்டை முழுதும் இறக்கி, அதன் கொக்கியில் முதுகுப்பையைத் தொங்கவிட்ட பிறகே நிலைமை சீரானது. இரண்டாவது, வெயில் வந்ததும் மணலிலிருந்து எழும் வெப்பக் காற்று. அது எத்தனை ஆயிரம் வெள்ளி ஸ்கோப்பையும் தோற்கடிக்கும், உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அலைவும் கூடும். மூன்றாவது, குவியத்தைச் சரிசெய்யும் வளையம் குளிரில் இறுகிக்கொண்டது. பழைய கருவியின் பழைய மசகு என்று நினைக்கிறேன். நான்காவது, மூக்குக்கண்ணாடி அணிந்து பார்த்தால் 20 மடங்கில் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது. கண்ணாடி அணிபவர்கள் கடையிலேயே அணிந்தபடி பார்த்துவிட்டு வாங்க வேண்டும். 60 மடங்கை ஐத்தனில் ஒரு முறைகூடப் பயனுள்ளதாகக் காணவில்லை. மகள் உருப்பெருக்க வளையத்தில் 30-க்கு நேரே ஒரு சிறு சிவப்பு நாடாவை ஒட்டிவிட்டாள்.

பாராட்ட வேண்டியது கண்ணருகு வில்லை 45 பாகை சாய்ந்திருப்பதை. உயரம் வேறுபட்ட இருவர் முக்காலியை ஏற்றி இறக்காமல் மாறி மாறிப் பார்க்கலாம், முக்காலியும் தாழ்வாக நிற்பதால் காற்றில் குறைவாக ஆடும். நேர்க்குழல் வகையில் இலக்கைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் மூன்று மணி நேரம் கழுத்து வலிக்காமல் உட்கார்ந்தது சாய்வுக்குழலின் தயவு. படகில் போய்க் கடல்நாய் பார்க்க நினைப்பவர்கள் ஸ்கோப்பை வாங்கவே வேண்டாம். ஆடும் தளத்தில் அது வெறும் சுமை, எட்டு மடங்கு பைனாகுலரே போதும்.

80 மி.மீ. வகை கூடுதல் ஒளி தரும். அதற்கேற்ற எடையும் முக்காலியும் சேர்ந்தால் விமானக் கைப்பையின் வரம்பை முட்டும். என் பயன்பாட்டுக்கு 65 போதுமானது. புதிதாகத் தொடங்குபவர், உருப்பெருக்கம் மாறாத 25 அல்லது 30 மடங்கு அகலக் காட்சி வில்லையோடு ஒன்று கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். விற்பனையாளர் 60 என்ற எண்ணைக் காட்டி மனத்தை மாற்ற முயல்வார். நானும் அடுத்து அப்படி ஒரு வில்லையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கலிஃபோர்னியாவின் சான் மிகுவேல் தீவில் கடற்சிங்கம், யானைக் கடல்நாய், வடக்கு ரோமக் கடல்நாய், துறைமுகக் கடல்நாய் ஆகிய நான்கும் ஒரே தீவில் இனப்பெருக்கம் செய்கின்றன என்று படித்ததிலிருந்து, மனைவி என் சேமிப்புப் புத்தகத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கோப்பை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிடக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் உறையே பூஞ்சைக்குக் கூடு. ஈரப்பதத்தை 45 விழுக்காட்டை ஒட்டி வைத்திருக்கும் மின்பெட்டி ஒன்றை 120 வெள்ளிக்கு வாங்கினேன். கனமான முக்காலி 180, மாற்றுத் தட்டு 35. ஆக, 640 வெள்ளிக்கு வாங்கிய பொருளின் உண்மை விலை 975 வெள்ளி. பொருந்தாத அந்த முதல் தட்டு இந்தக் கணக்கில் சேராது, யாருக்காவது அது பொருந்தினால் இலவசமாகத் தருகிறேன்.